ரெண்டு என்று போட்ட வண்டி

நாலு. பைக். செயின் தளர்ந்திருக்கிறது. பின்னால் ஆள் இல்லை. மாமாவின் வண்டி.

சுமலதா திரும்பிப் பார்க்கவில்லை. பெட்ரோல் பங்கின் ஓரமாக நிரந்தரமாக நின்றுவிட்ட பழைய வேனுக்குள், சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரும் புகை அளக்கும் மெஷினும் அப்படித்தான் பொருத்தப்பட்டிருந்தன. வண்டிக்காரர்கள் வேனின் பின்புறம் வந்து நிறுத்துவார்கள். அவள் இறங்கி, சைலன்சருக்குள் குழாயைச் செருகி, நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்து விவரங்களை அடிப்பாள். பழைய வண்டி என்றால் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும்: ரெண்டு ஸ்ட்ரோக்கா, நாலு ஸ்ட்ரோக்கா.

ஆறு வருடங்களாக இந்த வேலை. முதல் சில மாதங்கள் இறங்கி இறங்கிப் பார்த்தாள். சீட்டுக்கு அடியில் ஆயிலுக்கென்று தனி மூடி இருக்கிறதா, சைலன்சர் வாய் ஈரக் கறுப்பாக இருக்கிறதா என்று. பிறகு காதே போதும் என்றாகிவிட்டது. நாலு ஸ்ட்ரோக் ஒரு முறை வெடித்தால் அடுத்த சுற்று சும்மா சுற்றும். அதனால் அதன் சத்தம் அடங்கி, உருண்டு வரும். ரெண்டு ஸ்ட்ரோக்குக்குச் சும்மா இருக்கும் சுற்று கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் வெடித்தாக வேண்டும். தகர டப்பாவில் காய்ந்த மொச்சையைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கும். ஆக்சிலேட்டரை விட்டதும் ஒழுங்கு தவறி, டிங், டிங்டிங், டிங் என்று இடறும். பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் நீலமாகப் புகை விடும்.

வேனின் பின்னால் அப்போது நின்றிருந்தது ஒரு ரெண்டு ஸ்ட்ரோக் மொபெட். அதன் சொந்தக்காரர் சுப்பராயன், பொன்னேரி மார்க்கெட்டில் கருவாடு விற்பவர், வேனுக்குள் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா, பாஸா ஃபெயிலா? பத்தாவது ரிசல்ட் மாரி குந்த வெக்கிற?"

"பாஸுதான்."

"எம் பொண்டாட்டிய ஒரு நாள் இட்டாறேன். அவ வாயில இந்தப் பைப்ப வெச்சிப் பாரு. காலையிலேர்ந்து ஒரே பொகைச்சலு."

இங்கே சிரிக்க வேண்டும் என்று சுமலதாவுக்குத் தெரிந்தது. உதடுகள் அதைச் செய்தன. பிரின்டரிலிருந்து சான்றிதழ் வந்தது. கிழித்துக் கொடுத்தாள். மொபெட் மொச்சையைக் குலுக்கிக்கொண்டு போனது.

அதுவரை பைக்கிலேயே உட்கார்ந்திருந்த குப்புராஜ் இறங்கி வந்தார். சுமலதாவின் கணவன் வெங்கடேசனுக்கு அண்ணன். வெங்கடேசன் செத்து ஐந்து மாதம் ஆகிறது. அதற்குள் குப்புராஜின் மீசை முழுக்க வெளுத்துவிட்டிருந்தது.

"சாப்ட்டியா சுமா?"

"இன்னும் இல்ல மாமா."

"பாப்பா ஸ்கூலு போச்சா?"

"ம்."

அவர் வேனின் படியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து, அவசரமில்லாமல் பிரித்தார்.

"ஆளு சிக்கிக்கினான்," என்றார்.

தாள் ஜெராக்ஸ். புகைச் சான்றிதழ். இந்த வேனிலிருந்து போனதுதான். கீழே அவளுடைய கையெழுத்து.

"நீதான சொல்லிக்கினே இருந்த, ரெண்டு ஸ்ட்ரோக்கு, ரெண்டு ஸ்ட்ரோக்குன்னு. ஊரெல்லாம் தேடிட்டேன். நம்ம பக்கம் இருக்கறதே நாலஞ்சு வண்டி. அதுல இந்த ஸ்டீபன் வண்டிதான் மாட்டுச்சு. காலனி ஸ்டீபன். முன்னாடி மட்கார்டு ஒடஞ்சிருக்குது. பொகை இன்னா பொகைன்ற! ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு அந்த வழியாதான் போறான். எஸ்.ஐ. நேத்து சாயந்தரம் வண்டியத் தூக்கிட்டாரு. நான் வாயில சொன்னா எடுப்பாரா? கம்பெனி கேட்டுலேர்ந்து இந்தப் பேப்பர வாங்கி வெச்சேன். பாரு, உன் கையாலயே போட்டுக்கிற."

அவர் விரல் வைத்த இடத்தில் இருந்தது: 2 ஸ்ட்ரோக்.

"மூணு மணிக்கு ஸ்டேஷன்ல இருக்கணும். நீ பாத்தேன்னு ஒரு கையெழுத்து. அம்மாவ ஷேர் ஆட்டோல வரச் சொல்லிட்டேன்."

அந்த எண்ணை சுமலதா பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அது வாய்க்குள் முழுதாக இருந்தது. ஆனால் அவர் குரலில் ஐந்து மாதத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று உயிரோடு இருந்தது. தம்பியின் உடலை மார்ச்சுவரியிலிருந்து வாங்கி வந்த நாளிலிருந்து அந்தக் குரல் தரையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தது.

"சரி மாமா," என்றாள்.

"அந்தக் காலத்துல நம்ம வயல்ல நாத்துப் புடுங்கனவங்க ஊட்டுப் பையன். இப்ப ஹார்ன் அடிச்சிக்கினு நம்மளத் தாண்டிப் போறான்," என்றார் குப்புராஜ், எழுந்துகொண்டே. அதை அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

அவருடைய பைக் கிளம்பிச் சிப்காட் ரோட்டில் திரும்பும் வரை அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

அன்று மார்கழிப் பனி. ஏரிக்கரை ரோட்டில் பத்து அடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வெங்கடேசன் இரும்பு ஆலையில் முதல் ஷிப்டு. மெயின் ரோட்டில் ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வரும். சுமலதா பால் சொசைட்டிக்குப் போக வேண்டும். இருவரும் சேர்ந்துதான் வீட்டிலிருந்து கிளம்பினார்கள். பால் கேன் கனமாக இருந்ததால் அவள் பின்தங்கினாள்.

"இன்னா, ஊர்கோலம் வரியா?" என்று கேட்டான் அவன். திரும்பி நின்று கேட்டானா, நடந்துகொண்டே கேட்டானா என்பது அவளுக்கு நினைவில்லை. பிறகு பனிக்குள் போய்விட்டான்.

மதகு பக்கமிருந்து, குறுக்குப் பாதை வழியாக அது வந்தது. வேகமாக வந்தது. பிறகு ஆக்சிலேட்டரை விட்டது. டிங், டிங்டிங். அதற்குப் பிறகு, மூட்டையை இறக்குவது போல ஒரு சத்தம். இன்ஜின் நிற்கவில்லை. இரண்டு மூன்று முறை இடறியது. பிறகு மொச்சை குலுங்க, மெயின் ரோட்டை நோக்கிப் போனது. அவள் பார்த்தது வெள்ளைப் பனிக்குள் கரைந்த கொஞ்சம் நீலம் மட்டும். ஆயில் வாடை அவளுக்கு வந்து சேர்ந்தபோது பால் கேனைக் கீழே வைத்திருந்தாள். சிந்தாமல், நேராக வைத்திருந்தாள். அது பிறகு பல நாள் அவளை உறுத்தியது.

மூன்றாம் நாள் சென்னை ஆஸ்பத்திரியில் வெங்கடேசன் இறந்தான்.

போலீஸ்காரர் கேட்டபோது அவள் சொன்னது சத்தத்தைத்தான். "சத்தமெல்லாம் எழுத முடியாதும்மா. கண்ணால இன்னா பாத்த?" என்றார் எழுதியவர். "நீலப் பொகை. ஆயில் வாடை," என்றாள். அதை எழுதிக்கொண்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் சுமலதா அதையே சொன்னாள். அது ரெண்டு ஸ்ட்ரோக் வண்டி. பழசு. கார்புரேட்டர் சரியில்லை. ஆக்சிலேட்டரை விட்டால் மூன்று முறை இடறும். மாமியார் கெங்கம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஒரு மெக்கானிக்கைப் போலப் பேசிக்கொண்டிருந்தாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழுகை வரவில்லை என்பதை அவளும் கவனித்தாள். பல் பிடுங்கும்போது மரத்துப்போன கன்னத்தை விரலால் குத்திப் பார்ப்பது போல, அவ்வப்போது அவன் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாள். விரல் படுவது தெரியும். அவ்வளவுதான்.

பதினேழாம் நாள் வேனுக்கு வந்துவிட்டாள். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. தடுக்கவும் இல்லை. வேனுக்குள் உட்கார்ந்தால் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் ரெண்டா, நாலா என்று மட்டும் கேட்டது. அதற்குப் பதில் சொல்ல முடிந்தது.

*

ஸ்டீபனின் வண்டி நாலு.

கார்த்திகைக் கடைசியில் ஒரு பிற்பகல் அவன் வந்தான். ஷிப்டுக்கு இருபது நிமிடம் இருந்தது. கம்பெனி கேட்டில் வண்டியை உள்ளே விட வேண்டுமானால் புகைச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று புதிதாக விதி போட்டிருந்தார்கள். அவன் அதுவரை ஓட்டியது அவன் அப்பா விட்டுப்போன பழைய ரெண்டு ஸ்ட்ரோக் வண்டி. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, செகண்ட் ஹேண்டில் இந்த ஸ்கூட்டரை வாங்கியிருந்தான். வண்டி நாலுதான். சத்தம் உருண்டுதான் வந்தது. ஆனால் புகை நீலமாகக் கொட்டியது. மெஷின் ஃபெயில் என்றது.

"இன்னாத்த ஊத்தன?" என்று கேட்டாள் சுமலதா.

"பெட்ரோலு, ஆயிலு. வேற இன்னா ஊத்துவாங்க, இளநீரா?"

"பெட்ரோல் டாங்க்லயா ஆயில் ஊத்தன?"

"எப்பவும் அப்டிதானக்கா? லிட்டருக்கு இவ்ளோன்னு கணக்கு வெச்சி."

"அது உங்கப்பா வண்டிக்கு. இது நாலு ஸ்ட்ரோக்கு. இதுக்கு இன்ஜினுக்குள்ள தனியா ஆயிலு இருக்குது. நீ டாங்க்ல ஊத்துனா பொகைதான் வரும்."

ஸ்டீபன் தலையைச் சொறிந்தான். ஆயில் ஊற்றாமல் வண்டியை எடுத்தால் இன்ஜின் இறுகி நின்றுவிடும் என்று அவனுக்குப் பயம். பங்கில் எத்தனையோ பேர் இப்படித்தான். பழைய வண்டியை மாற்றுவார்கள். கைப்பழக்கத்தை மாற்ற மாட்டார்கள். டாங்கைக் காலி செய்துவிட்டு நாளைக்கு வா என்றாள். அவன் மணியைப் பார்த்தான்.

"கேட்டுல வுட மாட்டான்க்கா. கான்ட்ராக்ட்டு ஆளுங்க நாங்க. ஒரு நாளு நின்னா வேற ஆளப் போட்டுடுவான். ரெண்டுன்னு போட்டுக் குடேன், பாஸ் ஆயிடும்ல?"

ஆகும். நாலுக்கு அளவு கறார். ரெண்டுக்குக் கொஞ்சம் தாராளம். இது எல்லா வண்டிக்காரர்களுக்கும் தெரியும். தினமும் இரண்டு பேராவது கேட்பார்கள். அவள் மாட்டேன் என்று சொல்லிவிடுவாள். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தாள். பெரிதாக ஒன்றுமில்லை. வெங்கடேசன் அன்று காலையில் சினிமாவுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தான். அவளுக்கு எல்லோரிடமும் நல்லவளாக இருக்க முடிந்தது.

ரெண்டு என்று அடித்தாள். பாஸ்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பனி. அன்று கேட்டது ஸ்டீபனின் வண்டி இல்லை. அதில் அவளுக்கு ஒரு இழை சந்தேகம் கிடையாது. தன் பெண் ஸ்நேகா இருமுவதையும் பக்கத்து வீட்டுக் குழந்தை இருமுவதையும் அவள் குழப்பிக்கொள்வாளா?

ஆனால் யாருடையது என்று தெரியவில்லை. இந்த ஐந்து மாதத்தில் அந்த இன்ஜின் ஒரு முறையும் வேனுக்கு வரவில்லை. லாரிகளோடு ஆந்திரா பக்கம் போயிருக்கலாம். காயலான் கடையில் உடைந்து கிடக்கலாம்.

*

ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்தபோது கிரேஸ் வந்தாள். ஸ்டீபனின் மனைவி. நடந்து வந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. வேனுக்குள் ஏறவில்லை. படிக்குக் கீழேயே நின்றாள்.

"சாப்டுங்க, சாப்டுங்க. உங்க சாப்பாட்டக் கெடுக்க வரல."

சுமலதா டப்பாவை மூடினாள்.

"நேத்து ராத்திரி முச்சூடும் ஸ்டேஷன்ல குந்த வெச்சிக்கினாங்க. காத்தால வுட்டாங்க. மூணு மணிக்கு மறுக்கா வரணுமாம். கம்பெனில கேட் பாஸ வாங்கி வெச்சிக்கினாங்க. கேஸு கீஸுன்னா பாஸு இல்லியாம்." கிரேஸ் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "அவரு நாலு, நாலுன்னு கத்தறாரு. பேப்பர்ல ரெண்டுன்னு கீதேடான்னு கேக்கறாங்க. அதுக்குமேல வாயத் தொறக்க மாட்டேன்றாரு."

"ஏன்?"

"ஏனா? அக்கா எனக்கோசரம்தான் மாத்திப் போட்டாங்க, சொன்னா அவங்க பொழப்பு பூடும், ஏற்கெனவே புருசன் இல்லாதவங்கன்றாரு. பெரிய யோக்கியன். எம் புள்ளைங்க சோத்துக்கு இன்னா பண்ணும்னு யோசிச்சாரா?"

பங்கில் ஒரு லாரிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மீட்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"எங்க ஊட்ல சாவு வுழுந்தா நாங்க எவன் பேரச் சொல்றது? உங்களுக்குச் சொல்றதுக்குப் பேரு இருக்குது. எங்க தெருவுல போயி எடுத்துக்கலாம்." கிரேஸின் குரல் ஏறவில்லை. "உங்க ஊட்டுக்காரரு சாவுக்கு நானும் வந்தேன். தெரியுமா? வெளிய நின்னு பாத்துட்டுப் போனேன். நல்ல மனுசன். பஸ்ஸுல எனக்கு எடம் குடுப்பாரு."

அவள் போய்விட்டாள். சுமலதா டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். எலுமிச்சை சாதம். உப்பு குறைவா அதிகமா என்று தெரியவில்லை. முழுவதையும் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்தாள். ஸ்டீபனின் ஸ்கூட்டர் திரையில் வந்தது. நம்பர் பிளேட்டின் ஓரத்தில், போட்டோவுக்குள் தெரியாமல் விழுந்த அவனுடைய செருப்புக் கால்.

மனதுக்குள் ஒரு முறை முயன்று பார்த்தாள். பனிக்குள், அந்த இடத்தில், ஸ்டீபனின் முகத்தை வைத்துப் பார்த்தாள். அவன் திரும்பிப் பார்க்கிறான், பயந்து ஓடுகிறான் என்று. வைக்க முடிந்தது. வைத்தபின் கோபம் வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை கையெழுத்துப் போட்டுவிடுவாளோ என்று தோன்றியது. அந்த எண்ணத்துக்குக்கூட அவள் உடம்பு அசையவில்லை.

*

ஸ்டேஷன் வளாகத்தில் பிடித்து வைத்த வண்டிகள் வரிசையாகத் துருப்பிடித்துக் கிடந்தன. சில வண்டிகளின் சீட்டுக்குள் புல் முளைத்திருந்தது. ஸ்டீபனின் ஸ்கூட்டர் முன்னால் தனியாக நின்றது. அவன் வேப்பமரத்தடியில், கம்பெனிச் சட்டையோடு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சுமலதாவைப் பார்த்ததும் எழுந்தான். அவள் கண்ணைப் பார்க்காமல் மறுபடி உட்கார்ந்தான்.

உள்ளே பெஞ்சில் கெங்கம்மாள் இருந்தாள். வீட்டுக்கு வெளியே வந்து பல மாதம் ஆகிவிட்டதால் புடவையை மிகவும் இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"வண்டிய ஒரு தபா ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க சார்," என்றார் குப்புராஜ். "எங்க பொண்ணுக்குக் காட்டிடலாம்."

கான்ஸ்டபிள் ஒருவர் போய் மூன்று முறை உதைத்தார். ஸ்கூட்டர் பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே நீலமாகப் புகை எழுந்து, வேப்பமரத்தின் கிளைகளுக்குள் ஏறியது. ஆயில் வாடை அறைக்குள் வந்தது. கெங்கம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முனகினாள்.

"பாத்தியா? நீ சொன்ன அதே பொகை," என்றார் குப்புராஜ்.

சத்தம் அடங்கி, உருண்டு, சீராக வந்துகொண்டிருந்தது. ஸ்டீபன் இன்னும் டாங்கில் ஆயில் ஊற்றுவதை விடவில்லை என்று நினைத்தாள். இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு அது ஒரு எரிச்சலாகத் தோன்றியது. மூடன். எத்தனை முறை சொல்வது.

எஸ்.ஐ. ஏற்கெனவே தட்டச்சு செய்த தாளை அவள் பக்கம் நகர்த்தினார். மேலே ஒரு பேனாவை வைத்தார். "படிச்சிப் பாத்துட்டுப் போடும்மா."

படித்தாள். அதில் அவள் பார்த்திருந்தாள். சாம்பல் நிற ஸ்கூட்டர். உடைந்த மட்கார்டு. ஓட்டியவன் நன்கு தெரிந்த முகம்.

"இது நாலு ஸ்ட்ரோக்கு சார்," என்றாள்.

"இன்னாது?"

"இந்த வண்டி நாலு ஸ்ட்ரோக்கு. அன்னிக்கு வந்தது ரெண்டு."

குப்புராஜ் முதலில் சிரித்துவிட்டார். "இன்னா சுமா? நீயே போட்டுக்குற சர்டிபிகேட்டு."

"தப்பாப் போட்டேன் மாமா. நாலுன்னு போட்டா ஃபெயில் ஆவும். ஷிப்டுக்கு நேரமாவுதுன்னு கேட்டான். ரெண்டுன்னு போட்டுக் குடுத்தேன். பெட்ரோல்ல ஆயில் ஊத்திக்கினு இருக்கான், அதான் பொகை. எந்த மெக்கானிக்கக் கேட்டாலும் சொல்லுவான்."

வெளியே கான்ஸ்டபிள் வண்டியை நிறுத்தினார்.

எஸ்.ஐ. நாற்காலியில் சாய்ந்தார். "அப்போ பொய் சர்டிபிகேட் குடுத்துருக்க. முதல்ல உம் மேலதாம்மா கேஸு எழுதணும். லைசென்ஸு பூடும். தெரியுமா?"

"தெரியும் சார்."

"சார், சார்," என்று குப்புராஜ் முன்னால் வந்தார். "அவ அப்பலேர்ந்தே ஒரு மாரி இருக்கா சார். இன்னா பேசறோம்னு தெரியாது. நீங்க அத எடுத்துக்காதீங்க." அவள் பக்கம் குனிந்தார். "ஏம்மா, இத இப்பதான் சொல்லணுமா? காத்தால உங்கைல பேப்பரக் குடுத்தேனே, சரி மாமான்னியே! அஞ்சு மாசம் நான் ஊர் ஊரா நாயா அலஞ்சது தெரியாதா உனக்கு? எந்தம்பி உனக்கு யாரு? அந்த ஊட்லதான நீ இருக்கற? பாப்பா அங்கதான வளரணும்?"

அவர் மிரட்டவில்லை. உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டைத் தவிர அவளுக்கு வேறு வீடு இல்லை. பிறந்த ஊரான ஊத்துக்கோட்டையில் நைனா இறந்தபிறகு அண்ணன் போன் செய்வதுகூட இல்லை. வேன் வேலையும் போனால் என்ன செய்வாள் என்று யோசித்தாள். யோசனை ஒரு சுவர் வரை போய் நின்றது. அங்கே பயம் இருக்க வேண்டும். அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"சரிம்மா," என்றார் எஸ்.ஐ., சற்று இறங்கி. "சர்டிபிகேட் சமாச்சாரத்த நான் காதுல வாங்கல. நீ இவன்னு சொல்ல வேணாம். இந்த வண்டி மாதிரி இருந்துச்சுன்னு மட்டும் திருத்திப் போடறேன். அதுக்கு மேல கோர்ட்டு பாத்துக்கும். யாரும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

நல்ல மனிதர்தான். சீக்கிரம் முடித்துவிட்டு டீ குடிக்கப் போக நினைக்கிறார். மாதிரி. அந்த அளவுக்குச் சொல்வதில் யாருக்கு என்ன என்று எல்லோரும் நினைப்பது அறையில் தெரிந்தது.

கெங்கம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். நடக்க நேரமெடுத்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, மருமகளின் முகத்துக்கு நேராக நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அழுது தீர்ந்துபோன கண்கள்.

"எனக்கு ஸ்ட்ரோக்கு கீக்கெல்லாம் தெரியாதும்மா. காத்தால எழுந்தா யாரத் திட்டறதுன்னே தெரியல. சாமியவும் திட்டிப் பாத்துட்டேன், அது எதிர்ல வந்தா நிக்குது? ஒரு பேரு வோணும். யார்னா ஒருத்தன் பேரு. போட்டுக் குடுத்துடேன். உன்னக் கையெடுத்துக் கும்புடறேன்."

அவள் உண்மையாகவே கைகளைக் கூப்பினாள். ரேகைகள் மண்ணிறமாக இருந்தன. சுமலதா அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள். தன் கையைவிட அவை சூடாக இருந்தன. எவ்வளவு நாளாயிற்று ஒருவரைத் தொட்டு என்று நினைத்தாள். இந்தக் கிழவிக்கு ஒரு பெயரைக் கொடுத்துவிட்டால் இன்றிரவு தூங்குவாள். தானும்கூட ஒருவேளை பக்கத்தில் படுத்து அழலாம். ஆனால் ஸ்டீபனின் பெயரைச் சொன்னபிறகு, அந்தப் பனிக்குள் உண்மையில் வந்துபோன அந்தச் சத்தம் வராததாகிவிடும். வெங்கடேசனுக்கு அடிபட்ட கணத்தில் அவள் உடனிருந்தாள் என்பதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது. இதை எந்த வார்த்தையில் அத்தையிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இவன் இல்ல அத்த," என்றாள்.

கெங்கம்மாள் கைகளை உருவிக்கொண்டாள்.

"மாதிரின்னுதானம்மா போடச் சொல்றாரு?" என்றார் குப்புராஜ்.

"மாதிரியும் இல்ல மாமா."

பேனாவை எடுத்து, மூடியை மூடி, தாளின் மேல் வைத்தாள். இரண்டையும் சேர்த்து எஸ்.ஐ.யின் பக்கம் தள்ளினாள்.

"வேற வெள்ளப் பேப்பர் ஒண்ணு குடுங்க சார். நான் போட்ட சர்டிபிகேட்டு தப்புன்னு எழுதித் தரேன்."

எஸ்.ஐ. பேப்பர் எடுக்கவில்லை. குப்புராஜ் தாயின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். வாசலில் அவர் அம்மாவுக்குச் செருப்பைத் தேடி மாட்டிவிடுவது தெரிந்தது. போகும்போது இருவரும் சுமலதாவைக் கூப்பிடவில்லை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுமலதா நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டு, பேப்பருக்காகக் காத்திருந்தாள்.